கசங்கிய பில்லும் ஒரு பெயரின் வயதும்

டிரேட்மார்க் பதிவுக்கான டிஎம்-ஏ படிவத்தில் பெயர், முகவரி, லோகோ, வகுப்பு எண் எல்லாம் நிரப்பிய பிறகு ஒரு கட்டம் வரும். இந்தப் பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்? ‘இனிமேல்தான் பயன்படுத்தப்போகிறேன்’ என்று குறித்துவிட்டால் தொல்லை இல்லை, சான்று எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் நாள், மாதம், ஆண்டு என ஒரு தேதியை எழுதிவிட்டால் 2017ஆம் ஆண்டு டிரேட்மார்க் விதிகளில் 25ஆம் விதி பிடித்துக்கொள்ளும். அந்தத் தேதி முதல் பயன்படுத்தியதாக ஒரு பிரமாணப் பத்திரமும், அதற்கு ஆதாரமான ஆவணங்களும் கூடவே வர வேண்டும்.

பெங்களூரு ஜெயநகரில் தோசைக்கடை வைத்திருப்பவரிடம் இதைக் கேட்பது சென்னை கிண்டியில் இருக்கும் பதிவகம். டிரேட்மார்க் பதிவகத்துக்கு மும்பை, தில்லி, கொல்கத்தா, அகமதாபாத், சென்னை என ஐந்து ஊர்களில்தான் அலுவலகம். கர்நாடகம் சென்னையின் எல்லைக்குள் வருகிறது. இப்போது எல்லாம் இணையத்தில் நடப்பதால் யாரும் ரயில் ஏற வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தேதிக்கான காகிதத்தை வீட்டுப் பரணில் தேடும் வேலையை எந்த இணையமும் குறைத்துவிடவில்லை.

அந்தத் தேதிக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? பெயரை முதலில் யோசித்தவர் யார், முதலில் விண்ணப்பித்தவர் யார் என்பதைவிட, அந்தப் பெயரோடு முதலில் சந்தைக்கு வந்தவர் யார் என்பதே இந்தியச் சட்டத்தில் பெரிய கேள்வி. 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 34ஆம் பிரிவு இதைச் சொல்கிறது: பதிவு பெற்றவர் தன் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய நாள், பதிவு செய்த நாள் இரண்டில் எது முந்தியதோ, அதற்கும் முன்பிருந்தே ஒருவர் அதே பெயரில் தொடர்ந்து வியாபாரம் செய்துகொண்டிருந்தால், பதிவுச் சான்றிதழைக் காட்டி அவரைத் தடுக்க முடியாது.

இது ஏட்டளவில் நிற்கும் விதியல்ல. நியான் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனம் ‘ரோஃபால்’ என்ற பெயருக்கு 1992இல் விண்ணப்பித்தது, பதிவும் கிடைத்தது. ஆனால் மருந்து சந்தைக்கு வந்தது 2004 அக்டோபரில். இதற்கிடையில் 1998 முதல் மெடிக்கல் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் ‘புரோஃபால்’ விற்றுக்கொண்டிருந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் முதலில் விற்றவர் பக்கமே சாய்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் வெறும் காகிதத்தில் இருந்த பெயர், ஆறு ஆண்டுகள் மருந்துக்கடை அலமாரியில் இருந்த பெயரிடம் தோற்றது.

ஒரு பெயரின் வயதைக் கணக்கிடுவது எவ்வளவு நுணுக்கமான காரியம் என்பதைப் பார்க்க பெங்களூருவிலேயே நல்ல வழக்கு இருக்கிறது. கர்நாடகத்தில் நந்தினி என்றால் பால். கர்நாடகப் பால் கூட்டமைப்பான கேஎம்எஃப் 1985இல் அந்தப் பெயரை எடுத்தது. இன்று தெருமுனை பூத் தொடங்கி 2024 டி20 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்து, அயர்லாந்து அணிகளின் சட்டை வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. அதே பெங்களூருவில் நந்தினி என்று இன்னொன்றும் உண்டு: வாழை இலையில் ஆந்திரச் சாப்பாடு போடும் உணவகம். 1989இல் தொடங்கியது. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் கூடுதலாக ஓர் ‘எச்’; லோகோவில் பசுவுக்குப் பதில் விளக்கு. தமிழிலோ கன்னடத்திலோ உரக்கச் சொன்னால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் காதில் விழாது.

உணவகத்தார் மீன், இறைச்சி, காபி, தேநீர், அரிசி, ஜவ்வரிசி என்று 29, 30ஆம் வகுப்புகளில் பதிவு கேட்டார்கள். உணவகம் நடத்துபவர் ஏன் சரக்குக்குப் பதிவு கேட்க வேண்டும் என்று தோன்றலாம். 1958ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் சேவைகளுக்குப் பதிவே கிடையாது. ஜவ்வரிசிக்கு டிரேட்மார்க் வாங்கலாம், இலை போட்டுச் சோறு பரிமாறுவதற்கு வாங்க முடியாது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 2003 செப்டம்பர் 15 வரை இதுதான் நிலைமை. உணவகங்களுக்கென்று இன்று இருக்கும் 43ஆம் வகுப்பு 1989இல் இந்தியச் சட்டத்தின் கண்ணுக்கே தெரியாது.

கேஎம்எஃப் எதிர்த்தது. 2007இல் துணைப் பதிவாளர் உணவகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பிறகு மேல்முறையீட்டு வாரியம், கர்நாடக உயர் நீதிமன்றம் என்று வழக்கு புரண்டு கேஎம்எஃப் பக்கம் திரும்பி, 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் உணவகத்தின் பக்கம் வந்து நின்றது. பால், பால் பொருட்களுக்கு மட்டும் பதிவு கிடையாது, மற்றவற்றுக்கு உண்டு. நந்தினி என்பது புராணத்துப் பசுவின் பெயர், யாரும் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல என்பதையும், லோகோக்கள் தோற்றத்தில் வேறு என்பதையும் நீதிபதி ஏ.கே. சிக்ரி அமர்வு கணக்கில் எடுத்துக்கொண்டது.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த இடம் வேறு. 1985இல் பால் வந்தது, 1989இல் சாப்பாடு வந்தது. இடைவெளி சுமார் நான்கு ஆண்டுகள். அந்த நான்கு ஆண்டுகளில் ‘நந்தினி’ என்றதும் மக்கள் மனதில் கேஎம்எஃப் மட்டுமே வந்து நிற்கும் அளவுக்கு அந்தப் பெயர் வளர்ந்திருந்ததா? அது சந்தேகத்துக்குரியது என்றது நீதிமன்றம். 2018இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் நந்தினி கர்நாடகத்தின் வீட்டுப் பெயர்தான். ஆனால் அளக்க வேண்டியது 2018இன் புகழை அல்ல, 1989இல் அது எவ்வளவு இருந்தது என்பதை. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊரின் நினைவில் ஒரு பெயர் எவ்வளவு ஆழம் பதிந்திருந்தது என்பதை இன்று எந்தக் கருவியால் அளப்பது?

அப்படி ஒரு கருவி இல்லை. எனவே சட்டம் சுற்றுவழியில் போகிறது. நினைவை நேராகப் பார்க்க முடியாததால், நினைவை உண்டாக்கியிருக்கக்கூடிய பொருட்களைத் தேடுகிறது: பில், விலைப்பட்டியல், பாக்கெட், பைகள், நாளிதழ் விளம்பரம், மெனு கார்டு, விற்பனை வரிக் கணக்கு, மாநகராட்சி உரிமம், உணவுப் பாதுகாப்பு உரிமம், ஆண்டுவாரி விற்பனைக்கு ஆடிட்டர் தரும் சான்று. இதில் பாதிக்கு மேல் மக்கள் கையில் வாங்கிய அடுத்த நிமிடம் கசக்கி எறிபவை. பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து முப்பது வருடம் பாதுகாக்கும் குடும்பம் எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. மெனு கார்டில் பெயர் பெரிதாக இருக்கும், தேதி இருக்காது. வரிக் கணக்கில் தேதி கச்சிதமாக இருக்கும். ஆனால் அதில் இருப்பது நிறுவனத்தின் பெயர், இட்லிப் பொடி பாக்கெட்டில் இருக்கும் பிராண்டின் பெயர் அல்ல. கடை வாசலில் எடுத்த புகைப்படத்தில் பலகை தெரியும், எந்த வருடம் என்று தெரியாது. எதிரே ஒட்டியிருக்கும் சினிமா போஸ்டரைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். பெயர், தேதி, சரக்கு மூன்றும் ஒரே தாளில் சேர்ந்து இருப்பது பெரும்பாலும் பில் ஒன்றில்தான். அதனால் டிரேட்மார்க் வழக்கறிஞர்கள் முதலில் கேட்பது, “பழைய பில் புத்தகம் ஏதாவது இருக்கா?”

இங்கே வேதியியல் உள்ளே வருகிறது.

1989இல் ஓர் உணவகத்தில் பில் எப்படிப் போட்டார்கள்? மேலே தாள், நடுவில் கார்பன் தாள், கீழே இன்னொரு தாள். பால்பாயின்ட் பேனா அழுத்தும் இடத்தில் மெழுகோடு கலந்த நுண்ணிய கரித்துகள் கீழ்த்தாளில் ஒட்டிக்கொள்ளும். மேல்தாள் வாடிக்கையாளருக்கு, கீழ்த்தாள் கடைக்கு. கறுப்பு கார்பனில் இருக்கும் நிறமி கரி. வெளிச்சத்திலும் காற்றிலும் அது அநேகமாக எந்த வினையிலும் சேராது. கரையான் தின்னலாம், மழை நனைக்கலாம்; நிறம் மட்டும் வெளுக்காது.

இன்றைய பில் வேறு சாதி. உணவகக் கல்லாவில் சர்ரென்று வெளியே வரும் சுருள்தாளில் மையே கிடையாது. தாளின் மேற்பூச்சில் நிறமற்ற ஒரு சாயமும், அமிலத்தன்மையுள்ள இன்னொரு பொருளும் பக்கம் பக்கமாகத் திடநிலையில் தூங்குகின்றன. அச்சுத் தலையில் மில்லிமீட்டருக்கு எட்டு என்ற கணக்கில் பொடிச் சூடேற்றிகள் வரிசையாக இருக்கின்றன. எந்தப் புள்ளி கறுக்க வேண்டுமோ அந்தச் சூடேற்றி மட்டும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குச் சூடாகும். பூச்சு அந்த இடத்தில் உருகி, இரண்டும் கலக்கும். அமிலம் பட்டதும் சாய மூலக்கூறில் மூடியிருந்த ஒரு வளையம் திறந்துகொள்ளும். அதுவரை தனித்தனி அறைகளில் அடைபட்டிருந்த எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுவதும் பரவி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கத் தொடங்கும். அதைத்தான் கறுப்பு எழுத்து என்று நாம் பார்க்கிறோம்.

திறந்த வளையம் மறுபடி மூடவும் செய்யும் என்பதுதான் தொல்லை. அமிலப் பொருளிடமிருந்து சாயம் பிரிந்துவிட்டால் மூலக்கூறு பழைய நிறமற்ற வடிவத்துக்குத் திரும்பிவிடும். எண்ணெய் பட்டால் இது நடக்கும். சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் பட்டால் நடக்கும். வெயில் காலப்போக்கில் சாயத்தையே சிதைக்கும். உணவக பில்லுக்கு எண்ணெயும் சானிடைசரும் எவ்வளவு தூரம்! இன்னொரு விஷயம் கொடுமை. பில்லைப் பத்திரமாக வைக்கிறோம் என்று பளபளப்பான பிவிசி உறைக்குள் போட்டு ஃபைல் செய்வார்கள். அந்த உறை வளைந்து கொடுப்பதற்காக அதில் சேர்க்கும் நெகிழ்வூட்டிகள் மெல்லக் கசிந்து தாளுக்குள் இறங்கி, எழுத்தை அழித்துவிடும். அக்கறையாகக் காப்பாற்றிய பில் வெள்ளைத் தாளாகவும், மூலையில் எறிந்த பில் படிக்கும்படியாகவும் இருக்க வாய்ப்புண்டு.

ஆக, 1989இன் கைப்பிரதி 2019இன் கணினி பில்லைவிட உறுதியான சாட்சி. புதுக் கடைக்காரர்கள் மாதாமாதம் நான்கைந்து பில்லை சாதாரணத் தாளில் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். ஜெராக்ஸ் பொடியிலும் அதே பழைய கரிதான்.

காகிதமே வேண்டாம், எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது என்பவர்களுக்கு வேறு ஒரு சிக்கல். டிஜிட்டல் படம் வெளுக்காது, ஆனால் யார் வேண்டுமானாலும் தடயமில்லாமல் திருத்தலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கும்போது ஒரு சான்றிதழும் கேட்கிறது. அந்தச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு என்று ஒரு கட்டம். எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு முறை எவ்வளவு பெரிய கோப்பையும் அரைத்து 64 எழுத்து நீளமுள்ள ஒரே வரியாக்கிவிடும். புகைப்படத்தில் ஒரே ஒரு புள்ளியின் நிறத்தை இம்மியளவு மாற்றினாலும் அந்த 64 எழுத்தும் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். வரக்கூடிய வரிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1-க்குப் பின் 77 சுழியங்கள். இரண்டு வெவ்வேறு படங்களுக்குத் தற்செயலாக ஒரே வரி அமையும் என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் ஹாஷ் சொல்வது ஒன்றைத்தான்: இந்தக் கோப்பைக் கணக்கிட்ட நாளிலிருந்து அது மாறவில்லை. அதற்கு முன் அந்தப் படம் உண்மையாக எடுக்கப்பட்டதா, அதில் தெரியும் பெயர்ப்பலகை அன்று நிஜமாகவே தொங்கியதா என்பதற்கு அது வாய் திறக்காது.

பெயர்ப்பலகையே இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு நம்மூரிலேயே பதில் இருக்கிறது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மாலையில் மட்டும் திறந்து, மங்கிய வெளிச்சத்தில் அல்வா விற்ற கடைக்கு ஊர் மக்கள் வைத்த பெயர் இருட்டுக்கடை. 1900ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய வியாபாரம். பின்னாளில் அதே பெயருக்கு முன்னால் ‘திருநெல்வேலி’ சேர்த்து இன்னொருவர் அல்வா விற்றார். அவரும் டிரேட்மார்க் பதிவு வைத்திருந்தார். இரண்டு பக்கமும் சான்றிதழ். பதிவு பெற்ற ஒருவர் பதிவு பெற்ற இன்னொருவர் மீது அத்துமீறல் வழக்குப் போட முடியாது என்பது சட்டம். 2015இல் உச்ச நீதிமன்றம் (எழுதியது இங்கேயும் நீதிபதி சிக்ரிதான்) இரண்டு சான்றிதழையும் ஓரமாக வைத்துவிட்டு, பெயரை முதலில் பயன்படுத்தியவர் யார் என்று பார்த்தது. பழைய கடை வென்றது. பதிவு உரிமையைப் படைப்பதில்லை, ஏற்கெனவே வியாபாரத்தால் பிறந்த உரிமையை அங்கீகரிக்கிறது என்பதே அங்கே அடித்தளம்.

பதிவேட்டில் ஒரு பெயர் இருப்பதை வைத்தே அது சந்தையிலும் இருந்தது என்று சொல்லிவிடலாமா என்ற கேள்விக்கு 1959இலேயே பதில் வந்துவிட்டது. ‘குளூக்கோவிட்டா’காரர்கள் ‘குளுவிட்டா’ பிஸ்கட்டை எதிர்த்த வழக்கு அது. இதுபோல் ‘குளூ’வும் ‘விட்டா’வும் கலந்த பெயர்கள் பதிவேட்டில் நிறைய இருக்கின்றனவே என்று எதிர்த்தரப்பு பட்டியல் நீட்டியது. பதிவேட்டில் இருப்பது பயன்பாட்டுக்குச் சான்றே ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பட்டியலைத் தள்ளிவிட்டது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி இன்னும் கறாராக இருக்கிறது. அதன் பின்னணி வேடிக்கையானது. 1870இல் அவர்கள் கொண்டுவந்த டிரேட்மார்க் சட்டத்தை 1879இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அரசியலமைப்பு மத்திய அரசுக்குக் கொடுத்த அதிகாரம் மாநிலங்களுக்கிடையிலான, வெளிநாடுகளோடான வணிகத்தின் மீதுதான். பெயர்களின் மீது பொதுவாக அல்ல என்பது காரணம். அதிலிருந்து, சரக்கு எல்லை தாண்டி வணிகத்தில் இறங்கியது என்று காட்டினால்தான் பெயருக்கு மத்தியப் பதிவு என்றாயிற்று. லேபிளோ, டேகோ, வாங்கும் பொத்தான் உள்ள இணையப் பக்கமோ மாதிரியாக வைக்க வேண்டும். இதைச் சமாளிக்கப் பெரிய நிறுவனங்கள் ஒரு தந்திரம் செய்தன. பிராக்டர் அண்ட் கேம்பிள் தன்னிடமிருந்த பல பெயர்களை உயிரோடு வைக்க, ஒவ்வொரு பெயரிலும் ஆண்டுக்கு 50 உருப்படிகளைக் குறைந்தது பத்து மாநிலங்களுக்கு அனுப்பும் ஏற்பாடே வைத்திருந்தது. 1979இல் நியூயார்க் நீதிமன்றம் இதை நேர்மையான வணிகப் பயன்பாடாக ஏற்கவில்லை. பிறகு 1989 முதல், பயன்படுத்தும் எண்ணம் இருந்தாலே அங்கும் விண்ணப்பிக்கலாம் என்றானது. ஆனால் சான்றிதழ் கைக்கு வருமுன் மாதிரியைக் காட்டியே ஆக வேண்டும்.

இந்தியாவில் அதுகூட இல்லை. ‘இனிமேல்தான்’ என்று விண்ணப்பித்தவர் ஒரு பாக்கெட்கூட விற்காமல் பதிவு வாங்கலாம், பத்தாண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டும் இருக்கலாம். சோதனை வருவது வேறு யாராவது கதவைத் தட்டும்போதுதான். பதிவேட்டில் ஏறியதிலிருந்து ஐந்தாண்டும் அதற்கு மேலும் தொடர்ந்து பயன்படுத்தவில்லை என்று காட்டி, 47ஆம் பிரிவின்கீழ் அந்தப் பெயரை நீக்கக் கோரலாம். சரக்கே விற்க முடியாத சூழல் இருந்தால் விலக்கு உண்டு: சென்னை அடிசன்ஸ் பெயிண்ட் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் ஆஸ்திரேலியக் கம்பெனியின் பெயர் இங்கே பயன்படாமல் கிடந்ததை 2003இல் உச்ச நீதிமன்றம் நியாயமான காரணமாக ஏற்றுக்கொண்டது. சரக்கு கண்ணில் படாவிட்டாலும் விளம்பரம்கூடப் பயன்பாடாகலாம் என்றும் சொன்னது.

ஒரு வகுப்பு முழுவதையும் வளைத்துப்போட்டுவிட்டு அதில் ஒரே சரக்கை விற்பவர்களுக்கும் பாடம் இருக்கிறது. ஹைதராபாத் வசீர் சுல்தான் புகையிலைக் கம்பெனி ‘சார்மினார்’ பெயரைப் புகையிலைப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் பதிந்து வைத்திருந்தது. செய்தது சிகரெட் மட்டும். சார்மினார் என்று ஜர்தா விற்ற வியாபாரி கேள்வி எழுப்பினார். பயன்படுத்தும் சரக்குக்குத்தான் உரிமை என்று 1996இல் பதிவு சிகரெட்டோடு சுருக்கப்பட்டது. நந்தினி வழக்கில் பாலையும் மீனையும் பிரித்த கத்தி இதுவே. இரண்டும் 29ஆம் வகுப்பில்தான் இருக்கின்றன, ஆனால் அந்த வகுப்பு எண் பதிவக அலமாரியின் வசதிக்காக வந்தது. வாங்குகிறவர் மனதில் அப்படி ஓர் அலமாரி இல்லை.

அந்த எல்லையும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2024 டிசம்பரில் கேஎம்எஃப் பெங்களூருவில் நந்தினி இட்லி, தோசை மாவு விற்கத் தொடங்கியது. மாவுச் சந்தையில் ஏற்கெனவே 2005 முதல் பெங்களூருவின் ஐடி ஃப்ரெஷ் இருக்கிறது. பால் பாக்கெட்டில் நந்தினிக்கு நாற்பது வயது. மாவுப் பாக்கெட்டில் அதே பெயருக்கு யாராவது பயன்பாட்டுத் தேதி கேட்டால் எழுத வேண்டியது 2024 டிசம்பர். கூட வைக்க வேண்டியது அந்த மாதத்து பில், முடிந்தால் சாதாரணத் தாளில் எடுத்த ஜெராக்ஸோடு.